பல்கலைக்கழக நூலகத்தில் மின்-ஆய்வேடு ஒப்படைப்பு: நாலரை சி.எல். அனுபவம்

அரசுப் பள்ளி ஆசிரியைக்கு வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, அதாவது சி.எல். அதில் நாலரை நாளை ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில் கழித்திருக்கிறேன். ஓட்டலுக்கும் மிக்ஸிக்கும் மதிப்புரை எழுதுகிறார்கள். ஏழு வருஷ உழைப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்துக்கு ஒருவரும் எழுதுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். தென் மாவட்டத்தில் இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், அது போதும். நான் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர். மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஆய்வு விளாத்திகுளம் வட்டார ஒப்பாரிப் பாடல்களைப் பற்றியது. 2016 கடைசியில் பதிந்தேன். 2023 கோடையில்தான் ஆய்வேடு இணையத்தில் ஏறியது. நடுவில் கொரோனா வந்தது, மாமியார் தவறினார், இரண்டு பொதுத்தேர்வுக்கு விடைத்தாள் திருத்தினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். முன்பெல்லாம் ஆய்வேட்டை ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பு அச்சடித்து, நூலகத்தில் கொடுப்பார்கள். அது கண்ணாடி பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். திறந்து பார்க்கத் துறைத்தலைவரின் கடிதம் வேண்டும். இப்போது அப்படி இல்லை. 2016-இல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியும் சரி, 2022-இல் வந்த புதிய விதியும் சரி, மதிப்பீடு முடிந்த பிறகு, பட்டம் அறிவிக்கும் முன், ஆய்வேட்டின் மின்படியைப் பல்கலைக்கழகம் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணையத்தில் இணைக்கும் அந்த மையம் குஜராத்தில், காந்திநகரில் இருக்கிறது. அவர்கள் நடத்தும் களஞ்சியத்துக்குப் பெயர் சோத்கங்கா. ஆய்வுச் சுருக்கத்தைப் போடும் இடத்துக்கு சோத்கங்கோத்ரி என்று பேர். கங்கோத்ரியில் ஊற்றெடுத்துக் கங்கையாகிறதாம். காவிரி என்று வைத்திருந்தால் திறந்துவிடச் சொல்லி வழக்குப் போட்டிருப்போம்.

நாம் நேரடியாகக் காந்திநகருக்கு அனுப்ப முடியாது. நம் பல்கலைக்கழக நூலகம்தான் வாங்கி, சரிபார்த்து, ஏற்றும். ஆகவே நாம் வாங்கும் சேவை உள்ளூர் நூலகத்தின் சேவைதான். என் மதிப்புரையும் பெரும்பாலும் அந்த இரண்டாம் மாடியைப் பற்றியதே.

இரண்டாம் மாடியில் 'மின்வளப் பிரிவு' என்று ஒரு பலகை. உள்ளே நான்கு கணினி, ஒரு ஸ்கேனர், ஓடாத ஏசி, ஓடும் மின்விசிறி, ஒரு உதவியாளர். நாற்பதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. வருகிற எல்லாரையும் 'ஸ்காலர்' என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு 47 வயது. வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர். முதன்முதலாக ஒருத்தர் ஸ்காலர் என்று கூப்பிட்டது அந்த மாடியில்தான். அதற்காகவே இந்த நூலகத்துக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. அரை மணி நேரம்தான் தோன்றியது.

முதல் சி.எல். ஒப்புமைச் சோதனைக்குப் போனது. ஆய்வேட்டைத் துறையில் ஒப்படைக்கும் முன்பே, அதில் எத்தனை சதவீதம் மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் போட்டுப் பார்த்து நூலகர் சான்றிதழ் தர வேண்டும். 2018-இல் யுஜிசி கொண்டுவந்த விதிப்படி 10 சதவீதம் வரை குற்றமில்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பஸ்ஸில் வரும்போது இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். விடைத்தாள் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி உள்ளங்கை வேர்த்தது.

பென்டிரைவைக் கொடுத்தேன். ஏற்றினார். இருபது நிமிஷத்தில் அறிக்கை வந்தது. பூஜ்யம் சதவீதம்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பூஜ்யம் வந்தா சந்தோஷப்படாதீங்க ஸ்காலர். மெஷினுக்குக் கண்ணு தெரியலைன்னு அர்த்தம்" என்றார். அப்புறம் என் பிடிஎஃப்பைத் திறந்து, ஒரு வரியைப் பிடித்துக் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டினார். 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு அரைப்புள்ளியும் நின்றன. 342 பக்கமும் அப்படித்தான்.

என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தது எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். விசைப்பலகையைப் பார்க்காமல், டிவி சீரியலைப் பார்த்துக்கொண்டே அடிப்பார், பிழை இருக்காது. பக்கத்துக்கு முப்பது ரூபாய். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் எந்த விரலுக்கு எந்த எழுத்தோ அதே வரிசையில் பாமினி எழுத்துரு இருப்பதால் அவர் விரல் அதில்தான் ஓடும். பாமினியில் அடித்தது நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது தமிழ் வேஷம் கட்டிய ஆங்கில எழுத்து. வேஷத்தைக் கலைத்தால் உள்ளே ஜே, கே, பி, ஓ. அச்சில் பிழையே தெரியாது. தேடினால்தான் தெரியும், தேட முடியாது என்று.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் துறையில் கொடுத்த வடிவமைப்புக் கையேட்டிலேயே 'எழுத்துரு: பாமினி, அளவு 14' என்றுதான் போட்டிருந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. அந்தச் செய்தி எங்கள் துறை இருக்கும் கட்டடத்துக்கு வர இன்னும் பஸ் கிடைக்கவில்லை. நூலகம் ஒருங்குறியில் கேட்கிறது, துறை பாமினியில் கேட்கிறது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் ஒரு டீக்கடையும்தான் இருக்கின்றன. யாராவது ஒருவர் டீ குடிக்கப் போகும்போது இதைச் சொல்லியிருக்கலாம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் மொத்தத்தையும் போட்டேன். அவசரத்தில் செய்த முட்டாள்தனம். மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் பாமினி என்றே எண்ணி மாற்றிவிடும். என் துணைநூற்பட்டியலில் ஆங்கில நூல்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. ஆங்கிலத்தில் 'தி' என்ற சின்னச் சொல் வந்த இடமெல்லாம் 'வாந' என்று ஆகியிருந்தது. பக்கம் பக்கமாக வாந, வாந, வாந. எனக்கும் அதுதான் வந்தது.

இன்னொன்று நுணுக்கமானது, கண்ணுக்குப் படாது. 'மௌனம்' என்பது 'மெளனம்' என்று மாறியிருந்தது. இரண்டையும் உற்றுப் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது ஔகாரக் குறி இல்லை, ஒற்றைக் கொம்பும் ளகரமும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடும்போது வேறு சொல். ஒப்பாரியைப் பற்றிய ஆய்வேட்டில் மௌனம் எத்தனை தடவை வரும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு 71 தடவை வந்தது. எல்லாவற்றையும் சரிசெய்தேன். பதினெட்டு ராத்திரி. அடித்துக் கொடுத்த அக்காவே, "என்னால வந்த வினை" என்று சொல்லி, ஆங்கிலப் பகுதியை மட்டும் மறுபடி காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தார்.

இரண்டாவது சி.எல். மறுபடி சோதனை. இந்தத் தடவை மெஷினுக்குக் கண் தெரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது. 27 சதவீதம்.

அறிக்கையில் எங்கெங்கே சிவப்பு என்று பார்த்தோம். முதல் இயலில் கையறுநிலைக்கு, அதாவது இறந்தவரை நினைத்துப் புலம்பும் பழைய பாடல் வகைக்கு, சான்றாகப் புறநானூற்று 112ஆம் பாட்டை முழுதாகக் கொடுத்திருந்தேன். பாரி மகளிர் பாடிய ஐந்து அடி. ஐந்தும் சிவப்பு. எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில் ஏதோ ஒரு வலைத்தளத்தின் முகவரி. பாரி மகளிரிடமிருந்து அந்தத் தளம் எடுக்கலாம், நான் எடுக்கக் கூடாது போல.

இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. உரிய சான்றோடு கொடுத்த மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தொடர்ச்சியாக 14 சொல் வரை ஒத்துப்போனால் அதையும் விட்டுவிடலாம். ஆனால் மேற்கோள் என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டுமென்றால் மேற்கோள் குறி வேண்டும். தமிழாய்வில் நாம் செய்யுளைக் குறி போட்டா எழுதுகிறோம்? உள்ளே தள்ளி, சாய்வெழுத்தில் போடுகிறோம். அது மெஷினுக்குப் புரியாது. உதவியாளர் ஒவ்வொரு செய்யுளையும் கையால் விலக்க வேண்டியிருந்தது. நூற்றுப்பதினாறு இடம். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து செய்தார். நான் கொண்டுபோன புளிச்சோற்றில் பாதியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒரு இடத்தில் இருவருமே நின்றுவிட்டோம். நான் களத்தில் பதிவு செய்த ஒப்பாரிகளில் ஒன்பது பாட்டில் சில வரிகள், வேறொருவர் பல வருஷத்துக்கு முன் வேறு மாவட்டத்தில் சேகரித்த பாட்டோடு ஒத்துப்போயின. அவருடைய ஆய்வேடும் இணையத்தில் இருக்கிறது. மென்பொருளின் கணக்குப்படி நான் அவரிடமிருந்து திருடியிருக்கிறேன். ஒப்பாரி அப்படித்தான் இருக்கும். தாய்க்குப் பாடிய வரியைப் புருஷனுக்கும், புருஷனுக்குப் பாடியதைப் பிள்ளைக்கும் மாற்றிக்கட்டிப் பாடுவார்கள். வாக்கப்பட்டுப் போன பெண், பிறந்த ஊர் வரியையும் கூடவே கொண்டுபோவாள். அதைத் திருட்டு என்றால் எங்கள் வட்டாரத்தில் இழவு வீட்டுக்குப் போன எல்லாக் கிழவியையும் பிடித்து உள்ளே போட வேண்டும். இதை உதவியாளரிடம் சொன்னேன். "எங்க அம்மாச்சி செத்தப்போ எங்க பெரியம்மா பாடுனது இதுதான் ஸ்காலர்" என்று ஒரு வரியைக் காட்டினார். அவர் ஊர் தேனிப் பக்கம். ஒன்பதையும் களத்தரவு என்று குறித்து விலக்கி, நூலகரிடம் கூட்டிக்கொண்டு போய் விளக்கச் சொன்னார். 8 சதவீதம் என்று சான்றிதழ் வந்தது.

அரை சி.எல். ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது அச்சுப் படிகளோடு சிடியும் கேட்டார்கள். ஆமாம், 2022-இல், சிடி. என் மடிக்கணினியில் சிடி போடும் இடமே கிடையாது. பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடை ஒன்று இதற்காகவே உயிரோடு இருக்கிறது. ஒரு சிடி எழுத ஐம்பது ரூபாய், மேலே ஸ்டிக்கர் ஒட்ட இருபது ரூபாய். வாங்கிய பிரிவில் சிடி படிக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. உறைக்குள் போட்டு அட்டையின் பின்னால் ஒட்டிவிட்டார்கள்.

அப்புறம் காத்திருப்பு, மதிப்பீட்டாளர் அறிக்கை, வாய்மொழித் தேர்வு. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தேர்வு நல்லபடியாக முடிந்தது, கேசரி கொஞ்சம் இனிப்பாகப் போய்விட்டது.

மூன்றாவது சி.எல்.தான் முக்கியம். இறுதி மின்படி ஏற்ற வேண்டும். முழு ஆய்வேட்டை ஒரே கோப்பாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், பிரித்துக் கொடுக்க வேண்டும். 01 தலைப்பு, 02 முன்பக்கங்கள், 03 உள்ளடக்கம், 04 சுருக்கம், 05-இலிருந்து இயல்கள், இயல்கள் முடிந்ததும் பின்னிணைப்பு, அதோடு 80 என்று ஒரு கோப்பு. 10, 11-க்குப் பிறகு நேரே 80. அதில் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்து இருக்க வேண்டும். ஏன் 80 என்று கேட்டேன். "எத்தனை இயல் வந்தாலும் அது கடைசில நிக்கணும்ல" என்றார். எண்பது இயல் எழுதுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்ற நம்பிக்கை.

இந்தப் பிரிப்பு எரிச்சலாகத் தோன்றும். ஆனால் படிக்கிறவர்களுக்கு நல்லது. சோத்கங்காவில் நான் மற்றவர்களின் ஆய்வேட்டைப் படித்தபோது, எனக்கு வேண்டிய ஒரு இயலை மட்டும் செல்பேசியில் இறக்கிக்கொள்ள முடிந்தது. கிராமத்து சிக்னலில் அது பெரிய உதவி. பணம் கிடையாது, கடிதம் கிடையாது, ராத்திரி பதினொரு மணிக்கும் திறந்திருக்கும். ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆய்வேடு. பீரோ சாவிக்காக முதல் இரண்டு வருஷம் அலைந்தவள் சொல்கிறேன், இந்த ஒன்றுக்காகவே அந்தக் களஞ்சியத்துக்கு ஐந்துக்கு ஐந்து.

தகவல் படிவம் நிரப்பும்போது தலைப்பைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ்த் தலைப்பை எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'ஒப்பாரி'யை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி, ஒரு பி-யா இரண்டு பி-யா என்று. அப்படிக் கொடுத்தால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. நான் தமிழிலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் கொடுத்தேன். முதன்மைச் சொற்களில் 'இழவுப் பாட்டு', 'மாரடிப்பாட்டு' என்று ஊர்ப் பேச்சில் இருப்பதையும் சேர்த்தேன்.

அடுத்து சம்மதப் படிவம். ஆய்வேட்டின் உரிமை என்னுடையதே. ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யாரும் பயன்படுத்தலாம். பெயரைக் குறிப்பிட வேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி எழுதினால் அதையும் இதே நிபந்தனையில் தர வேண்டும். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். அப்போது உதவியாளர் பின்னிணைப்புக் கோப்பைத் திறந்து பக்க எண் சரிபார்த்துக்கொண்டிருந்தார். திரையில் 'தகவலாளர் பட்டியல்'.

நாட்டுப்புறவியல் ஆய்வேடு பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும். வரிசை எண், பெயர், வயது, சாதி, தொழில், ஊர். எனக்கு முன்னால் செய்தவர்கள் அப்படிச் செய்தார்கள், அதனால் நானும் செய்தேன். சிலருக்குச் செல்பேசி எண் கூடப் போட்டிருந்தேன். 38 பெண்கள். 22 பேர் விதவைகள், அதுவும் ஒரு பத்தியாக இருந்தது.

"இது அப்படியே போகுமா சார்?" என்று கேட்டேன்.

"எல்லாம் போகும் ஸ்காலர். போன மாசம் ஒருத்தர் போட்டதுல பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸே போயிருச்சு, உதவித்தொகைக்குச் சேர்த்து வச்சிருந்தாராம்."

பீரோவுக்குள் இருந்தவரை இந்தப் பட்டியல் யாருக்கும் உறுத்தவில்லை. இனி உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு பெண்ணின் பெயரைத் தட்டினால், அவள் சாதி, அவள் விதவை என்பது, அவள் ஊர், அவள் எண். பேனாவை மூடிவிட்டேன். அன்றைக்கு ஏற்றவில்லை.

இந்தச் சேவையின் பெரிய குறை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். எழுத்துரு, கோப்பின் பெயர், ஓரத்தில் விட வேண்டிய இடம் என்று எங்கள் நூலகத்தின் சரிபார்ப்புத் தாளில் 19 கேள்விகள் இருக்கின்றன. 'இதில் வேறு ஒருவரின் சொந்தத் தகவல் இருக்கிறதா?' என்ற இருபதாவது கேள்வி இல்லை. நெறியாளர் கேட்கவில்லை, தேர்வாளர்கள் கேட்கவில்லை. நானும் ஏழு வருஷமாக என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நெறியாளரிடம் போனேன். "தேர்வாளர் பார்த்த படியில இருக்கிறதுதாம்மா மின்படியிலயும் இருக்கணும்" என்றார். நியாயம்தான். பிறகு கொஞ்சம் யோசித்து, திருத்திய அச்சுப்படி ஒன்று எப்படியும் நூலகத்துக்குப் போக வேண்டும், இரண்டையும் ஒரே மாதிரி மாற்றிவிடு, கடிதம் தருகிறேன் என்றார். சாதி, விதவை, செல்பேசி மூன்றையும் யாரையும் கேட்காமலே எடுத்துவிட்டேன். பெயர் மட்டும் அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

மே மாதம் முழுக்க அதற்குப் போனது. 38 பேரில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு யார் ஒப்பாரி பாடினார்கள் என்று கேட்டேன். இப்போதெல்லாம் மைக்செட்டில் போட்டுவிடுகிறார்கள் என்றார்கள். மிச்சம் 32 பேரில் 21 பேர் பேர் போடு என்றார்கள். நான்கு பேர் ஊரை மட்டும் போடு என்றார்கள். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருத்தி என்னைவிடச் சின்னவள். "ஊருக்குள்ள நான் பாடுவேன்னு எல்லாருக்கும் தெரியும் டீச்சர். ஊருக்கு வெளிய எதுக்கு? எம்மகன் சென்னையில வேலை பாக்கான், பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். அந்தப் பேரை அங்கேயே அவள் கண் முன்னால் அடித்தேன்.

இறந்த ஆறு பேரின் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். உயிரோடு இருந்தபோது 'எழுதிக்கோ' என்றார்கள். நோட்டில் எழுதிக்கோ என்றுதான் சொல்லியிருப்பார்கள். செய்தது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் திடமில்லை.

நான்காவது சி.எல். ஜூனில், பள்ளி திறந்த இரண்டாவது வாரம். எல்லாக் கோப்பும் சரி, எழுத்தும் சரி. பின்னிணைப்பில் 64 புகைப்படம் இருந்ததால் கோப்பு 180 எம்பி. எங்கள் நூலகம் ஒரு கோப்புக்கு 20-க்கு மேல் வாங்காது. சுருக்கிச் சுருக்கி, ஆச்சிமார் முகமெல்லாம் கட்டம் கட்டமாகப் போன பிறகுதான் ஏறியது. அதைவிட வருத்தம் ஒலிப்பதிவு. பதினோரு மணி நேரம் பதிந்து வைத்திருக்கிறேன். படிவத்தில் பிடிஎஃப் தவிர வேறு எதற்கும் இடம் இல்லை. ஒப்பாரியை எழுத்தில் படிப்பது மல்லிகையைப் படத்தில் பார்ப்பது மாதிரி. அந்த இழுப்பும் மூக்குச் சிந்தலும் நடுவில் 'ஏ தண்ணி கொண்டாங்கடி' என்கிற குரலும் என் வீட்டு ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. ஹார்ட் டிஸ்க் அரிசி டப்பாவுக்கு மேல் தட்டில் இருக்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

ஏற்றிய பத்தொன்பதாவது நாள் நிரந்தர முகவரி வந்தது. 10603 என்று தொடங்கும் எண், ஒரு சாய்கோடு, அப்புறம் என் ஆய்வேட்டுக்கே உரிய எண். தளம் எங்கே மாறினாலும் அந்த எண் மாறாது. தேடுபெட்டியில் நான் பதிந்த ஒரு பாட்டின் நடுவிலிருந்து ஒரு வரியைத் தமிழில் அடித்துப் பார்த்தேன். முதல் பதிலாக வந்தது. பாமினியில் போயிருந்தால் வந்திருக்காது. பதினெட்டு ராத்திரிக்கும் அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

இப்போது செய்யப் போகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். முதல் இயல் அடித்து வந்த அன்றைக்கே பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாக வந்தால் மேலே போங்கள். கடைசியில் பார்த்தால் என் கதைதான். வாங்குகிற ஆள் நல்ல ஆளாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். எனக்கு இருந்தது. அவர் மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், ஆகவே என் நட்சத்திரக் கணக்கு உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். அவர் இருந்தவரை நூலகத்துக்கு நான்கு. சிடி வாங்கிய பிரிவுக்கு அரை.

போன மாதம் விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு ஊருக்குப் போயிருந்தேன். 'எம் பேரப் போடு தாயி, நான் பாடுனது எம்பேருலதான வரணும்' என்று சொன்ன பாட்டி அங்கேதான் இருக்கிறார். எண்பதுக்கு மேல் வயது. திண்ணையில் உட்கார்ந்து செல்பேசியில் பட்டியலைத் திறந்து, பெரிதாக்கி, இதுதான் உங்க பேரு என்று காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் பேரைத் தொட்டார். தொட்டதும் பக்கம் நகர்ந்து அடுத்த ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"எங்க தாயி போச்சு?"

மேலே இழுத்து மறுபடி காட்டினேன். இந்தத் தடவை தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.